பதினைந்து வயதுக்கு ஒரு நாவல்

அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்கு நாள்தோறும் காலை ரயிலில் வேலைக்குப் போய்வருகிறவள் நான். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பேட்டை என்று நின்று நின்று போகும் அந்தக் காலை நேரமும், மாலையில் திரும்பும் நேரமும் எனக்கு வாசிப்புக்கென்றே வாய்த்தவை. கடந்த நான்கு மாதங்களாக ரயிலில் நான் வாசித்தவை அனைத்தும் இளையோர் நாவல்கள். நாற்பத்தாறு வயதில் பதின்பருவப் பிள்ளைகளுக்கான புத்தகங்களை வரிசையாக எடுத்து வாசிப்பதற்குக் காரணமாக இருந்தவள் என் அண்ணன் மகள்.

அவள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பாளையங்கோட்டையில் நடந்த பொருநை நெல்லை புத்தகத் திருவிழாவுக்கு அவளை அழைத்துப் போயிருந்தேன். சில அரங்குகளில் யானையும் முயலும் அட்டையில் சிரிக்கும் மெல்லிய சிறுவர் நூல்கள் இருந்தன. அவற்றைத் தாண்டினால் நானும் என் தோழிகளும் வாசிக்கும் தடித்த நாவல்கள் இருந்தன. இரண்டுக்கும் நடுவே போட்டித் தேர்வு வழிகாட்டிகள் மட்டும் மலைபோலக் குவிந்திருந்தன. ஒரு சுற்று முழுவதும் சுற்றி வந்தபின் அவள், "அத்தை, அது சின்னப் பிள்ளைகளுக்கு, இது உங்களுக்கு. எனக்கு எங்கன இருக்கு?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு நான் ஒரு குளிர்பானம் வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றினேன். வீட்டுக்கு வந்தபிறகு அது என்னை உறங்கவிடவில்லை. அவள் வயதில் நானும் அம்புலிமாமாவிலிருந்து நேராக வாரப்பத்திரிகைத் தொடர்கதைக்குத் தாவியவள்தான். நடுவில் ஒரு படி இருக்கலாம் என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதன் பின்னர்தான் ஆங்கிலத்தில் இந்த வகைக்கென்று பெயர்பெற்ற நாவல்களைத் தேடிப் பிடித்தேன். சிலவற்றை விலைக்கு வாங்கினேன். சிலவற்றை வண்ணார்பேட்டையில் இருக்கும் தோழி கொடுத்தாள். அவள் கொடுத்த ஒரு பிரதி 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்து, காய்ந்து, உப்பிப்போய், இரண்டு பங்கு பருமனாக இருந்தது. நான் வாசித்துவிட்டு மருமகளிடம் கொடுப்பேன். அவள் வாசித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு விவாதிப்பாள். கீழே எழுதியிருப்பவை என் கருத்துகள். சில இடங்களில் அவளுடையவையும் கலந்திருக்கின்றன. கதையின் முடிவுகளைத் தயங்காமல் சொல்லியிருக்கிறேன் என்பதையும் முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறேன்.

வெள்ளத்தில் நனைந்த அந்தப் பிரதியிலிருந்தே தொடங்குகிறேன். 1967இல் வெளிவந்த 'தி அவுட்சைடர்ஸ்' அது. எழுதியவர் எஸ். இ. ஹின்டன். பதினைந்து வயதில், பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே எழுதத் தொடங்கி, நூல் வெளிவந்தபோது பதினெட்டு வயதைத்தான் எட்டியிருந்தார். பையன்களின் சண்டையை ஒரு பெண் எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தால் மதிப்புரை எழுதுகிறவர்கள் அலட்சியம் செய்வார்கள் என்று பதிப்பகத்தார் எண்ணியதால், அட்டையில் முழுப் பெயருக்குப் பதிலாக முதலெழுத்துகள் போடப்பட்டன. அமெரிக்காவில் இளையோர் நாவல் என்ற பிரிவு வேர்விட்டதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த நூலிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறார்கள்.

கதை ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரத்தைச் சேர்ந்தது. நகரின் கிழக்குப் பக்கத்து ஏழைப் பையன்கள் ஒரு கூட்டம். மேற்குப் பக்கத்துப் பணக்காரப் பையன்கள் இன்னொரு கூட்டம். ஏழைப் பையன்கள் முடியை நீளமாக வளர்த்து எண்ணெய் தடவிப் படிய வாருகிறார்கள்; அதனால் அவர்களுக்கு 'கிரீசர்' என்று பெயர். பெற்றோரை விபத்தில் இழந்து இரண்டு அண்ணன்களோடு வாழும் பதினான்கு வயது போனிபாய்தான் கதையைச் சொல்கிறான். ஒரு நாள் இரவில் பூங்காவில் எதிர்க்கூட்டத்தார் அவனைப் பிடித்து நீரூற்றுத் தொட்டியில் முக்கித் திணறடிக்கும்போது, அவன் நண்பன் ஜானி அவர்களில் ஒருவனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிடுகிறான். இருவரும் ஊரைவிட்டு ஓடி, கைவிடப்பட்ட ஒரு தேவாலயத்தில் ஒளிந்துகொள்கிறார்கள்.

இதை வாசிக்கும் திருநெல்வேலிச் சீமைக்காரர் எவருக்கும் கிழக்கு மேற்கு என்ற திசைகள் மறைந்து வேறு தெருக்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்காது. எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் பையன்கள் மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிற்றைப் பற்றி வெளியூர்க்காரர்கள் செய்தித்தாளில் வாசித்திருப்பார்கள். நாங்கள் பேருந்து நிறுத்தத்தில் நாள்தோறும் பார்த்துக்கொண்டு வளர்ந்தவர்கள். எந்த நிறம் எந்தச் சாதி என்பது பத்து வயதுப் பையனுக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை அவனோடு படித்த பையன்களே இரவில் வீடு புகுந்து வெட்டினார்கள்; தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் தொடர்ச்சியாக அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கயிறும் மோதிரமும் நெற்றி அடையாளமும் பள்ளிக்குள் கூடாது என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் கயிற்றை அவிழ்க்கச் சொல்லும் நாம், கயிறு கட்டிய கையின் நரம்புக்குள் என்ன ஓடுகிறது என்பதை அந்தப் பையனின் வாயாலேயே எப்போதாவது கேட்டிருக்கிறோமா? ஹின்டனின் நாவல் அதைக் கேட்கிறது. ஒளிந்திருக்கும் இடத்தில், ஆள் அடையாளம் தெரியாமல் இருப்பதற்காக, ஜானி போனிபாயின் முடியை வெட்டிச் சாயமேற்றி விடுகிறான். உயிருக்கு ஆபத்து, கொலைப்பழி, பசி, குளிர் எல்லாம் சூழ்ந்திருக்கும்போது அந்தப் பையன் நொந்துபோவது தன் முடிக்காக. எனக்கென்று இருந்த ஒன்று அதுதான், அதுவும் போயிற்று என்று அவன் கலங்குவதை ஆசிரியர் கேலி செய்யவில்லை, கண்டிக்கவுமில்லை. ஓர் அடையாளம் ஒரு பிள்ளைக்குப் பெருமையாகவும் விலங்காகவும் ஒரே நேரத்தில் இருப்பதை இத்தனை தெளிவாக நான் வேறெங்கும் வாசித்ததில்லை. ரயிலில் அந்தப் பக்கத்தை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வயலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பேட்டை வந்தது தெரியவில்லை.

குறைகளும் உண்டு. பிற்பாதியில் துயரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன: தேவாலயத் தீ, ஜானியின் மரணம், அதைத் தாங்காத இன்னொரு நண்பன் டாலி வெற்றுத் துப்பாக்கியை நீட்டிப் போலீசாரின் குண்டுக்குத் தானே போய் நிற்பது. எழுதியவரின் இளவயது அந்த அவசரத்தில் தெரிகிறது. பெண் பாத்திரங்களில் செரி ஒருத்தியைத் தவிர மற்றவர்கள் நிழல்கள். செரி எதிர்க்கூட்டத்துப் பெண். தன் வீட்டிலிருந்து அவள் பார்க்கும் அந்திச் சூரியனும் தன் பின்வாசலிலிருந்து தான் பார்க்கும் சூரியனும் ஒன்றுதானே என்று போனிபாய் நினைத்துப் பார்க்கும் இடத்தை என் மருமகள் மிகவும் விரும்பினாள். எனக்கு அந்த இடம் சற்று இனிப்பாகப் பட்டது. நாங்கள் இருவரும் ஒன்றுபட்ட இடம் நாவலின் முடிவு. நண்பர்களை இழந்து, பாடத்தில் தோற்கும் நிலைக்கு வந்துவிட்ட போனிபாய், ஆங்கில ஆசிரியர் கேட்ட கட்டுரையை எழுத உட்காருகிறான்; அவன் எழுதும் முதல் வரிதான் நாம் வாசித்த நாவலின் முதல் வரி. அவனுக்கு நடந்ததை அவனே எழுதினான்; நாம் கையில் வைத்திருப்பது அவன் எழுதிய கட்டுரை. இதை உணர்ந்த கணத்தில் எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. இத்தகைய நாவல்களின் நடுவே நிற்கும் பிள்ளைக்கு, வெளியே சொல்ல முடியாத ஒரு வாக்கியம் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த வாக்கியத்தைக் கடைசியில் அந்தப் பிள்ளையே சொல்கிறதா, அல்லது பெரியவர் ஒருவர் வந்து அதற்காகச் சொல்லி முடித்துவிடுகிறாரா? மற்ற நாவல்களை இந்தக் கேள்வியோடுதான் வாசித்தேன்.

ஏஞ்சி தாமஸ் 2017இல் எழுதிய 'தி ஹேட் யூ கிவ்' நாவலில் பதினாறு வயது ஸ்டாரின் கண்ணெதிரிலேயே கலீல் என்ற அவளுடைய இளம்பருவத் தோழன், காரை நிறுத்திய ஒரு போலீஸ்காரரால் சுட்டுக்கொல்லப்படுகிறான். அவர் துப்பாக்கி என்று நினைத்தது தலைவாரும் தூரிகை. நடந்ததைப் பார்த்த ஒரே சாட்சி ஸ்டார். கறுப்பினத்தவர் வாழும் ஏழைக் குடியிருப்பில் அவள் வீடு. வெள்ளையர் பிள்ளைகள் நிறைந்த தனியார் பள்ளியில் அவள் படிப்பு. வீட்டில் ஒரு பேச்சும் பள்ளியில் இன்னொரு பேச்சுமாக அவள் தன்னை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறாள். பள்ளியில் கொச்சை வார்த்தை ஒன்றுகூட வாயில் வந்துவிடாமல் காத்துக்கொள்கிறாள். இந்த இடத்தில் மருமகள் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். எங்கள் ஊரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் எந்த ஊர் என்று கேட்பதோடு யாரும் நிற்பதில்லை. எந்தத் தெரு என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்துவிடக் கூடாது என்பதற்காகவே தோழிகளை வீட்டுக்கு அழைக்காத ஒரு பெண் தன் வகுப்பில் இருக்கிறாள் என்று மருமகள் சொன்னாள். அவள் யார் என்று நான் கேட்கவில்லை.

நாவல் சற்று நீளம். சில உரையாடல்கள், வாசகருக்கு ஒரு வரலாற்றுப் பாடத்தை நடத்திவிட வேண்டும் என்ற நோக்கத்தில் எழுதப்பட்டவை போல நிற்கின்றன. ஆயினும் ஸ்டாரின் குடும்பம் உயிரோடு இருக்கிறது. மளிகைக் கடை நடத்தும் தகப்பனார், மகளுக்குப் பன்னிரண்டு வயதாகும்போதே, போலீசார் நிறுத்தினால் கையை எங்கே வைக்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். பிள்ளைகளைக் காப்பதற்காகப் பெற்றோர் கற்றுத்தரும் பணிவு பிள்ளைகளின் முதுகெலும்பில் என்ன செய்கிறது என்பதை எழுதும் துணிவு இந்த நூலுக்கு இருக்கிறது. வழக்கு விசாரணைக்கே போகாது என்று தெரிந்தபின் தெருவில் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கிப் பேசுகிறவளும் ஸ்டார்தான்.

அடுத்த நூலைப் பற்றி எழுத நான் பல நாள் தயங்கினேன். பேட்ரிக் நெஸ் எழுதி 2011இல் வெளிவந்த 'எ மான்ஸ்டர் கால்ஸ்' அது. அதன் பிறப்பே துயரமானது. கதையின் கருவைக் கண்டவர் சிவோன் டவ்ட் என்ற எழுத்தாளர். எழுதி முடிப்பதற்கு முன்பே, 2007இல் புற்றுநோயால் இறந்துவிட்டார். அவர் விட்டுச்சென்ற கருவை எடுத்து நெஸ் தன் வழியில் எழுதினார். ஜிம் கே கறுப்பு வெள்ளையில் படம் வரைந்தார். 2012இல் எழுத்துக்கான கார்னெகி பதக்கமும் ஓவியத்துக்கான கிரீனவே பதக்கமும் இந்த ஒரே நூலுக்குக் கிடைத்தன.

பதின்மூன்று வயது கோனரின் தாய்க்குப் புற்றுநோய். வீட்டின் பின்னால் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் முதிய யூ மரம், நள்ளிரவு கடந்து ஏழு நிமிடம் ஆகும்போது பூதமாக எழுந்து வந்து அவனிடம் பேசுகிறது. நான் உனக்கு மூன்று கதைகள் சொல்வேன், நான்காவது கதையை நீ எனக்குச் சொல்ல வேண்டும், அது உன்னுடைய உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது. பூதம் சொல்லும் கதைகளில் நல்லவர் யார், கெட்டவர் யார் என்று நாம் முடிவுகட்டிய உடனேயே அந்த முடிவு கவிழ்ந்துவிடுகிறது. நீதி கேட்டுப் பழகிய வாசகருக்கு அது எரிச்சலூட்டும். கோனருக்கும் எரிச்சல்தான். பிறகு அவன் முறை வருகிறது. ஒவ்வோர் இரவும் அவனை அலறி எழவைக்கும் கனவில், பாறை விளிம்பிலிருந்து விழப்போகும் தாயின் கையை அவன் பிடித்துக்கொண்டிருக்கிறான்; பிறகு விட்டுவிடுகிறான். கை நழுவவில்லை, நான்தான் விட்டேன், இது எப்படியாவது முடிந்தால் போதும் என்று நினைத்தேன் என்பதுதான் அவன் சொல்ல வேண்டிய உண்மை.

என் அம்மா இறந்தபோது எனக்குப் பதினான்கு வயது. அம்மாவுக்கு என்ன நோய் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது என்று பெரியவர்கள் அடுக்களையில் கூடிப் பேசுவார்கள். நாங்கள் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். ஆச்சி முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே, "ஒண்ணுமில்ல தாயி, வெறும் சூடுதான்" என்பாள். அம்மாவின் முனகல் சுவரைத் தாண்டி எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு நாள் இரவில், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, இது முடிந்துவிடக் கூடாதா என்று நான் நினைத்தேன். நான்கு நாள் கழித்து முடிந்துவிட்டது. அந்த நினைப்பை நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவைக் கொன்றது என் நினைப்புதான் என்று பல ஆண்டுகள் நம்பியிருக்கிறேன். பூதம் கோனரிடம், நீ நினைத்தது தவறன்று, மனம் ஒரே நேரத்தில் எதிரெதிரான இரண்டை விரும்பக்கூடியது, நினைப்பைவிட நீ செய்வதுதான் பெரிது என்ற பொருள்படச் சொல்லும் பக்கம் வந்தபோது, ரயில் சேரன்மகாதேவியில் நின்றிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் தன் தண்ணீர்ப் பாட்டிலை என்னிடம் நீட்டினார். இந்தப் புத்தகம் பதினான்கு வயதில் என் கையில் கிடைத்திருக்க வேண்டும். எனக்கு ஆங்கிலம் அப்போது வராது. தமிழில் கிடைத்திருக்க வேண்டும். இந்த நூலைப் பற்றி விமர்சனமாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

லாரி ஹால்ஸ் ஆண்டர்சன் 1999இல் எழுதிய 'ஸ்பீக்' நாவலின் மெலிண்டா, கோடை விடுமுறையில் ஒரு விருந்தில் மூத்த மாணவன் ஒருவனால் வன்கொடுமைக்கு உள்ளாகிறாள். பதற்றத்தில் போலீசாரை அழைக்கிறாள், விருந்து கலைந்துபோகிறது. ஏன் அழைத்தாள் என்று யாரும் கேட்கவில்லை. காட்டிக்கொடுத்தவள் என்று பள்ளியே அவளை ஒதுக்குகிறது. அவளுடைய பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோகிறது. உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்கிறாள். பயன்படாத ஒரு துப்புரவுச் சாமான் அறையைக் கண்டுபிடித்து அதில் பதுங்குகிறாள். ஓவிய ஆசிரியர் மட்டும் ஆண்டு முழுவதற்கும் அவளுக்கு மரம் என்ற ஒரே பொருளைக் கொடுத்து, அவள் வரைவதற்குக் காத்திருக்கிறார். இந்த ஆசிரியரை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் அவர் துருவித் துருவிக் கேட்கவில்லை. அவள் பேசத் தொடங்கும்போது கேட்பதற்கு அங்கே இருந்தார், அவ்வளவுதான். நாவலின் பெரும்பகுதியில் என்ன நடந்தது என்ற சொல்லே வருவதில்லை. சொல்ல முடியாமையே கதையின் வடிவமாகிவிடுகிறது. பதினாறு வயதுப் பிள்ளையிடம் இதைக் கொடுக்கலாமா என்று அண்ணி என்னிடம் கேட்டார்கள். நான் முதலில் அண்ணியிடமே கொடுத்தேன். அவர்களுக்கு ஆங்கிலத்தில் வேகமாக வாசிக்க வராது. இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார்கள். வாசித்து முடித்த அன்று, தாங்களே அதை மகளின் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

பத்மா வெங்கட்ராமனின் 'தி பிரிட்ஜ் ஹோம்' (2019) நம் மண்ணின் கதை என்பதால் அதை ஆவலோடு எடுத்தேன். ஆசிரியர் சென்னையில் பிறந்தவர்; கடலியல் படித்து அமெரிக்காவில் வாழ்கிறவர். அடித்து நொறுக்கும் தகப்பனிடமிருந்து தப்பி விஜியும் அவள் அக்கா ருக்குவும் நகரத்துக்கு ஓடிவருகிறார்கள். இடிந்த பாலம் ஒன்றில் முத்து, அருள் என்ற இரண்டு பையன்களோடு சேர்ந்து வாழ்ந்து, குப்பை மேட்டில் பொறுக்கிப் பிழைக்கிறார்கள். இது மற்ற நான்கு நூல்களைக் காட்டிலும் இளைய வயதினருக்கானது. இறந்துபோன அக்காவை நோக்கி விஜி எழுதும் நீண்ட கடிதமாக நாவல் அமைந்திருக்கிறது. நான் இன்னும் முன்பே உதவி தேடிப் போயிருந்தால் நீ பிழைத்திருப்பாயே என்பதுதான் அவளை அடைத்துக்கொண்டிருக்கும் வாக்கியம். அந்த வடிவத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் தமிழ் வாசகிக்கு ஒரு சங்கடம் உண்டு. நமக்குத் தெரிந்த உணவையும் தெருவையும் கோயிலையும், இவற்றை அறியாத பிள்ளைகளுக்காக, ஆசிரியர் மென்மையாக விளக்கிக்கொண்டே போகிறார். விஜி அக்காவிடம் பேசும்போது அக்காவுக்குத் தெரிந்ததையே எதற்காக விளக்க வேண்டும்? அந்த நால்வரும் தங்களுக்குள் தமிழில்தானே பேசியிருப்பார்கள். அந்தத் தமிழ் எனக்குக் கேட்கவே இல்லை.

தமிழில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்ய புரஸ்காரம் பெற்றது. பேசும் மரப்பாச்சி பொம்மையைக் கொண்டு, தவறான தொடுதலைப் பற்றிச் சிறுவர்களுக்கு அச்சமூட்டாமல் சொல்லும் நூல் அது. கோவில்பட்டிக்காரரான உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023இல் அதே விருதைப் பெற்றது. கீழடிப் பானையோட்டில் கிடைத்த ஆதன் என்ற பெயரைச் சுமந்து, பழைய காலத்துக்குள் ஒரு சிறுவனை அழைத்துப் போகிறது. இரண்டும் பத்து, பன்னிரண்டு வயதுக்கு நல்ல நூல்கள். அந்த வயதுக்காரர்களுக்கு நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன். நான் தேடுவது அந்தப் பிள்ளைகள் இன்னும் நான்கு ஆண்டுகள் வளர்ந்தபின் வாசிக்க வேண்டியதை.

அது ஏன் அரிதாக இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். முதல் காரணம் வாங்குகிறவர் வேறு, வாசிக்கிறவர் வேறு என்பது. நூலைப் பெற்றோரும் பள்ளி நூலகமும் வாங்குகிறார்கள். ஆகையால் நூல் அவர்களைப் பார்த்தே பேசுகிறது. கதை எப்படித் தொடங்கினாலும் கடைசியில் ஒரு தாத்தாவோ ஆசிரியரோ வந்து, பிள்ளை சொல்ல வேண்டியதைத் தாமே சொல்லிவிடுகிறார். இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது, அது மொழி. போனிபாயும் ஸ்டாரும் தங்கள் தெருவின் பேச்சிலேயே கதை சொல்கிறார்கள். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் தன் கதையை எந்தத் தமிழில் சொல்வான்? பாடநூல் தமிழில் சொன்னால் அவன் சட்டைக்குள் வேறு யாரோ இருப்பதுபோல இருக்கும். பேச்சுத் தமிழில் சொன்னால், தாயை அவன் எப்படி அழைக்கிறான், தகப்பன் உடன்பிறந்தவளை என்ன முறை சொல்கிறான் என்று இரண்டாவது வரியிலேயே அவன் எந்தத் தெரு என்பது தெரிந்துவிடும். தெரிந்தவுடன் பாதிப் பேர் புத்தகத்தை ஒரு விதமாகவும் மீதிப் பேர் வேறு விதமாகவும் வாசிக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தப் பயத்தாலேயே நம் சிறுவர் நூல்களின் பிள்ளைகள் எந்த ஊருமற்ற, எந்தத் தெருவுமற்ற ஒரு பொதுத் தமிழில் பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தத் தெருப் பையன் ஒருவனும் அந்தத் தெருப் பெண் ஒருத்தியும் மாறி மாறித் தத்தம் பேச்சிலேயே சொல்லும் ஒரு நாவலை, இரண்டு தெருப் பிள்ளைகளும் வாசிக்கும்படி எழுத முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வயது வந்தோருக்காக வட்டார வழக்கில் இத்தனை அருமையான எழுத்தைத் தந்த கரிசலும் தாமிரபரணிக் கரையும் அதைத் தர வேண்டும்.

அண்ணன் மகன் ஒன்பதாம் வகுப்பு. தமிழ் வழியில் படிக்கிறான். அக்காவும் அத்தையும் ஞாயிற்றுக்கிழமைதோறும் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன பேசுகிறோம் என்று அவன் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். போன வருடம் கோயில் கொடைக்குப் பிறகு அவன் கையில் ஒரு கயிறு இருந்தது. ஆசிரியர் அவிழ்க்கச் சொன்னதாகவும் இவன் அவிழ்த்துப் பையில் வைத்துக்கொண்டதாகவும் அண்ணன் சொன்னார். மூன்று வாரங்களாக அவனுக்கு 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை, ஆங்கிலத்தைப் பார்த்து நானே வாயால் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டு வருகிறேன். 'கிரீசர்' என்பதற்கு என்ன சொல்வது என்று நான் திணறியபோது, "எண்ணெய்த் தலையனுவன்னு சொல்லுங்க அத்தை" என்று அவனே பெயர் வைத்தான். முடி வெட்டும் இடத்தைப் போன வாரம் சொன்னேன். அவன் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முடிய வெட்டிட்டா அவன் அந்தக் கூட்டத்துல இல்லன்னு ஆயிருமா?" என்று கேட்டான். நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன். "தெரியல. மேல சொல்லுங்க" என்றான். அதற்குள் அண்ணி சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள். தேவாலயம் தீப்பிடிக்கும் அத்தியாயத்தை வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறோம்.